மொழிபெயர்ப்பில் விடுபட்ட பெயர்

தாமரைச்செல்விக்கு நாற்பத்தொரு வயது. திருப்பரங்குன்றத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வெளிநாட்டு டாக்டர்கள் நடத்திய ஒரு முகாமில் நோயாளிகள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லப் போய் நல்ல பேர் வாங்கினாள். அதிலிருந்து விடுமுறை நாட்களில் மொழிபெயர்ப்புக்கும் போய்வந்தாள். கூட்டியும் சொல்ல மாட்டாள், குறைத்தும் சொல்ல மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

போன ஆவணியில் சமயநல்லூர் வக்கீல் ஆண்டிச்சாமி ஒரு வாக்குமூலத்தை மொழிபெயர்க்க அவளைக் கூப்பிட்டார்.

அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜெபக்கூடம் எரிந்தது. உள்ளே படுத்திருந்த போதகர் ஞானமுத்து வெந்து செத்தார். மின்கசிவு என்று வழக்கை முடித்தார்கள். ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் எஸ்தர் விடவில்லை. அங்கிருக்கும் தமிழர்களைச் சேர்த்துக் குழு தொடங்கினாள். குளிரில் தட்டி பிடித்து நின்றார்கள், எம்.பி.க்களுக்கு எழுதினார்கள். கடைசியில் வெள்ளைக்கார வக்கீல் அம்மாள் ஒருவர் முன்வந்தார். நேரில் பார்த்தவர் வாக்குமூலம் இருந்தால் அந்த நாட்டு எம்.பி.க்கள் முன் வைக்கலாம், இங்கே ஹைகோர்ட்டில் மறுவிசாரணையும் கேட்கலாம் என்றார். செத்தவரின் சொந்தமோ குழுவைச் சேர்ந்தவரோ கூட இருக்கக் கூடாது, மொழிபெயர்ப்பவரும் வெளியாளாக இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

ஞாயிறு மதியம் ஆண்டிச்சாமியின் ஆபீஸ் அறையில் லேப்டாப்பில் வக்கீல் அம்மாள் முகம் தெரிந்தது. ஆண்டிச்சாமி வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். சாட்சி சோலையம்மாள், ஜெபக்கூடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள். அவள் கிறிஸ்தவள் இல்லை. “அந்த மனுசன் தெனமும் என் கடையிலதான் டீ குடிப்பாரு. அதான் வந்தேன்” என்றாள்.

முதல் அரைமணி நேரம் தடங்கல் இல்லாமல் போனது. சோலையம்மாள் சொல்லச் சொல்ல, தாமரைச்செல்வி ஆங்கிலத்தில் சொன்னாள்.

“கூடம் எரிஞ்ச அன்னைக்கு விடியக்கால கடை தொறக்க வந்தேன். குட்டியானை ஒண்ணு ஜெபக்கூடத்து முன்னாடி வந்து நின்னுச்சு. ஓட்டுனவன் அவனியாபுரத்து அழகுபாண்டி. கடைக்கு வந்து போற பயதான். வண்டி முகப்புல ‘அக்கா துணை’ன்னு எழுதியிருக்கும். நாலஞ்சு கேன எறக்கிவிட்டுட்டு வெளக்க அணைச்சுட்டுப் போயிட்டான். கேன வாங்குனவுக மொகம் எனக்குத் தெரியல.”

அது தாமரைச்செல்வியின் தம்பி. அம்மா முத்துத்தாய் இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. தன் பதினெட்டு வயதிலிருந்து அவனை வளர்த்தவள் அவள். அந்த எழுத்தை அவன் பெயின்டரிடம் சொல்லி எழுதவைத்தபோது பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

ஒரு சின்னச் சரக்கு வண்டி வந்தது, யாரோ கேன்களை இறக்கினார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வக்கீல் அம்மாள் குறித்துக்கொண்டார்.

சோலையம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். “டீச்சரம்மா, அழகுபாண்டிங்கிற பேரு வரலையே?”

“வந்துச்சும்மா.”

“வரல. ஞானமுத்துன்னு சொன்னீக, கேட்டுச்சு. சமயநல்லூர்னு சொன்னீக, அதுவும் கேட்டுச்சு. பேரு எந்தப் பாஷையிலயும் அதே பேருதான? நாலு வருசம் நெஞ்சுக்குள்ள வச்சிருந்து இன்னைக்குத்தான் வெளிய விட்டிருக்கேன். அத விட்ராதீக.”

என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று திரையிலிருந்து கேள்வி வந்தது. தாமரைச்செல்வி பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். வண்டி முகப்பில் இருந்ததையும் சொன்னாள். பிறகு, “இனி சொல்வது சாட்சியின் பேச்சு அல்ல, என்னுடையது. அவன் என் தம்பி. சற்று முன் அந்தப் பெயரை வேண்டுமென்றே விட்டேன்” என்றாள்.

வக்கீல் அம்மாள் உடனே பதிவை நிறுத்தினார். இந்த வாக்குமூலம் செல்லாது, வேறு ஆளை வைத்து முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாமரைச்செல்விக்கு அதிகம் வலித்தது.

விஷயம் தெரிந்ததும் சோலையம்மாள் பையை மடியோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “அப்ப எம்பேரு இன்னைக்கே அவனியாபுரம் போயிருமா?”

“போகாதும்மா.”

“போகாதுன்னு நீங்க சொல்றதத்தான் இப்ப நான் நம்பணும்.”

இனி அவள் வர மாட்டாள் என்றே ஆண்டிச்சாமி நினைத்தார். ஆனால் மூன்று வாரம் கழித்து வந்தாள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் மொழிபெயர்த்தார். மார்கழியில் அங்கே எம்.பி.க்கள் கூட்டத்தில், அவள் பெயர் சொல்லாமல், அது வாசிக்கப்பட்டது. தையில் இங்கே மனு தாக்கலானது.

அந்த ஐந்து மாதமும் தாமரைச்செல்வி தம்பி வீட்டுக்குப் போனாள், சாப்பிட்டாள், அவன் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சோலையம்மாளுக்கு ஆபத்து. வகுப்பில் பாடம் நடத்தும்போது பாதி வாக்கியத்தில் நின்றுபோவாள்.

மனுவில் தன் பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்று அழகுபாண்டியே வந்தான்.

“ஒனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“தெரியும்.”

“எவன் சொன்னான்?”

“அத மட்டும் கேக்காத.”

“வாடகைக்குக் கூப்புட்டாங்க, போனேன். என்னத்த ஏத்துனாங்கன்னு நான் தொறந்தா பாத்தேன்?”

“பெட்ரோல் வாசன தெரியாதாடா ஒனக்கு?”

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி கனகலட்சுமி போனில் அழுதாள். கூடப் பிறந்தவளா நீ என்று கேட்டாள்.

மாசியில் எஸ்தர் பேசினாள். திட்டுவாள் என்று தாமரைச்செல்வி எதிர்பார்த்தாள்.

“அக்கா, கேன ஏத்துனவங்க யாருன்னு தெரிஞ்சது உங்க தம்பி ஒருத்தருக்குத்தான். அவரு ஜெயிலுக்குப் போகணும்னு நான் இம்புட்டு வருசம் அலையல. வாடகைக்குக் கூப்பிட்டது யாருன்னு அவரு வாயால சொல்லணும். சொல்வாரா?”

“தெரியல எஸ்தர். கேக்குறேன்.”

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவனியாபுரம் போகிறாள். கனகலட்சுமி உள்ளே வா என்று சொல்வதில்லை. அழகுபாண்டி முதல் இரண்டு வாரம் வெளியே கிளம்பிவிட்டான். மூன்றாவது வாரம், “சொன்னா என்னையும் கொளுத்திருவாங்கக்கா” என்றான். அவன் சொன்னது வெறும் சாக்கு இல்லை. மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

போன ஞாயிறு அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

“செத்துப்போன அந்தாளுக்கு எத்தன பிள்ளைக?”

“ஒண்ணுதான். பொம்பளப் பிள்ள.”

அவன் தலையாட்டினான். அடுத்த ஞாயிறும் வாரேன் என்று சொல்லிவிட்டு தாமரைச்செல்வி எழுந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.