பிளாஸ்திரி ஒட்டிய கை

இரண்டே நாற்காலி உள்ள சலூன். அண்ணன் முடி வெட்டுவார். சவரம் தம்பியின் பாடு. தம்பியின் கத்தி தாடையில் போவதே தெரியாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் பெருமையடிப்பார். நரம்பின் மேலுறையை அரிக்கும் எம்.எஸ். நோய் வந்து தம்பியின் வலது கை மரத்துப்போனபோது, கூடவே அலைந்தவர் அவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்கள், கைக்கு உணர்வு திரும்பியது. அதிலிருந்து தினமும் கடை திறந்ததும் முதல் சவரம் அண்ணனுக்குத்தான்.

போன வருடம் தம்பி, "நானே போய்க்கிறேன், நீ கடையப் பாரு" என்றான். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி இருக்கும். அவனைச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, இரண்டு நாற்காலிக்கும் அண்ணனே அல்லாடுவார்.

நேற்று அடுத்த தேதி கேட்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "அவர் மருந்த நிறுத்தி ஒரு வருஷமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் போனை எடுத்த பெண்.

இன்று காலை தம்பி நுரைக் கிண்ணத்தோடு வந்தபோது, அண்ணன் பிரஷ்ஷை வாங்கித் தானே பூசிக்கொண்டார்.

பேப்பர் படிக்க மட்டுமே வருகிற, 'சீப்பு' என்று பட்டப்பெயர் வாங்கிய வழுக்கைத் தலையர் சிரித்தார். "என்ன முதலாளி, ஊருக்கெல்லாம் சவரம், உங்களுக்குக் கிடையாதா?"

"நீ பேப்பரப் படிப்பா."

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "என் கை நடுங்கும்னு பயமாண்ணே?"

"உன் கைய நம்புறேன். அந்தப் பிளாஸ்திரிய எங்கடா ஒட்டிக்கிட்ட?"

தம்பி நுரைக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "சினிமா தியேட்டர்ல."

"நான் இங்க நாயா ஓடிட்டிருந்தேன். நீ படம் பாத்தியா?"

"ஸ்கேன் நல்லாருக்கு, நிறுத்திப் பாக்கலாம்னு டாக்டரே சொன்னாருண்ணே. உங்கிட்ட சொன்னா தெனமும் என் கையவே பாத்துட்டிருப்பியேன்னுதான்..."

"திரும்ப வராதுன்னாரா?"

"வரலாம்னாரு. மரத்துப்போனா உடனே வரச் சொன்னாரு."

"மரத்துச்சா?"

"இல்ல."

பிளாஸ்திரியோடு வந்து நின்ற நாட்களிலும் இதே முகம்தான். நோய் நாளைக்கே திரும்பினாலும் இவன் வாயால் தனக்குத் தெரியவராது என்று அண்ணனுக்குத் தோன்றியது.

வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து தம்பியின் நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் காட்டினார்.

"சார், இந்தப் பக்கம் வந்துருங்க" என்று அண்ணன் முகத்து நுரையைத் துடைத்துவிட்டுத் தன் நாற்காலியைத் திருப்பினார்.

"அண்ணே, இல்லன்னு சொன்னேன்ல?"

"சொன்ன" என்றார் அண்ணன், கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே.