எல்லைக் கல்லில் இறங்கியவர்கள்

சின்னக்கருப்பனின் வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. டோலி தூக்கி வந்தது. டோலி என்றால் மூங்கில் கழியில் கட்டித் தொங்கவிட்ட கூடை நாற்காலி. நான்கு பேர் தூக்க வேண்டும். பூண்டியில் யாருக்குப் பேறுகால வலி இழுத்துக்கொண்டு போனாலும், யார் மரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாலும், கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அந்த டோலிதான். வெளுக்குமுன் தூக்கினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். பாதி வழியில் உயிர் போய்த் திரும்பித் தூக்கி வந்ததும் உண்டு. திரும்பி வரும்போது கனம் கூடிப்போகும் என்பார். பதினெட்டு வயதில் கொடுத்த தோள் அது. நாற்பத்து மூன்றாம் வயதில் மேல்மலைக்கு ரயில் வந்த பிறகுதான் காய்ப்பு மெல்லத் தேய ஆரம்பித்தது.

சுதந்திரம் வந்த கையோடு, இனி இந்த நாட்டில் போக்குவரத்து என்றால் தண்டவாளம்தான் என்று முடிவாகிவிட்டது. ஊர் ஊருக்கு ரோடு போட்டு லாரியும் பஸ்ஸும் விடலாம் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்களாம்; எடுபடவில்லை. மோட்டார் வண்டி டவுனுக்குள் மட்டும் ஓடலாம். கொடைக்கானலுக்கு ஏறிய பழைய மோட்டார் ரோட்டின் மேலேயே தண்டவாளம் பதித்தார்கள். ஐம்பத்தைந்தில் அது கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர், பூண்டி என்று மேல்மலைக்குள் நுழைந்தது. ஏற்றத்தில் இஞ்சின் மூச்சிரைத்துக்கொண்டு மனுஷன் நடக்கிற வேகத்தில் வரும். கீழே பழனியிலிருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். டோலி தூக்கியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பூண்டிக்குக் கிடைத்தது ஸ்டேஷன் இல்லை, ஹால்ட். தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு மணி, அவ்வளவுதான். டிக்கெட் விற்கவும் பச்சைக் கொடி காட்டவும் ஊர்க்காரர் ஒருவரை ஏஜெண்டாகப் போட்டார்கள். நாலெழுத்துப் படித்திருந்த சின்னக்கருப்பனுக்கு அது வந்தது. காலையில் வண்டியை அனுப்பிவிட்டுப் பூண்டு வயலுக்குப் போவார். சாயங்காலம் மண் கையோடு வந்து கொடி பிடிப்பார். ஒரு நாள் தவறியதில்லை. கடமை, பொறுப்பு என்றெல்லாம் அவர் பேசிக் கேட்டதில்லை. அவர் மனைவி பொன்னுத்தாய்க்கு இளைப்பு நோய். மாதம் ஒருமுறை கொடைக்கானலுக்குப் போய் ஊசி போட்டு, மருந்து வாங்கி வர வேண்டும். இருபதடி நடந்தால் நின்று மூச்சு வாங்குகிறவள், ஜன்னலோரம் உட்கார்ந்து போய்விட்டு மறுநாள் வந்து இறங்குவாள். அதற்காகத்தான் அந்த மனுஷன் கொடி பிடித்தார்.

ஹால்ட் கொடுத்தவர்கள் சட்டத்தையும் கூடவே கொடுத்திருந்தார்கள். பத்து வருஷம் முடிவதற்குள் எட்டு நாள் ஆள் எண்ணுவார்கள். சராசரியாக நாளைக்கு இருபது பேராவது ஏறாவிட்டால் ஹால்ட்டை மூடிவிடுவார்கள். மூடின ஊருக்கு ரோடாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. ரயிலும் இல்லாமல் ரோடும் இல்லாமல் போன ஊர்கள் நாட்டில் நிறையவே இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச வேண்டியவர்கள் வெளியே வர வழியில்லையே.

அறுபத்து நாலில் பூண்டிக்குக் கடிதம் வந்தது. எண்ணிக்கை வைகாசிக் கடைசியில். சின்னக்கருப்பன் கடிதத்தை மடித்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் திருமலைச்சாமியிடம் போனார். திருமலைச்சாமி பொன்னுத்தாயின் கூடப்பிறந்த அண்ணன், இவருக்கு மச்சான். வைகாசிக் கடைசியில்தான் ஊர் அம்மனுக்கும் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் பத்து நாளைக்கு ஊர்க்காரர் யாரும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. கல்யாணமானாலும் சரி, சாவானாலும் சரி, கல்லுக்கு இந்தப்பக்கம்தான். எண்ணுகிற நாளில் ஊரே எல்லைக்குள் அடைந்து கிடந்தால் ஹால்ட் போய்விடும். அதனால் இந்த ஒரு வருஷம் திருவிழாவை ஒரு மாதம் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று சின்னக்கருப்பன் கெஞ்சினார். பாட்டன் காலத்திலிருந்து மாறாத நாள். திருமலைச்சாமி நாலு நாள் யோசித்துத் தலையாட்டினார். சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள்.

புதன்கிழமை சாயங்கால வண்டியிலிருந்து, தோல்பையும் குடையுமாக ஒருவர் இறங்கினார். பெயர் இராமலிங்கம், பழனிக்காரர், ஆள் எண்ண வந்த குமாஸ்தா. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று மேலிடத்தில் எண்ணிக்கையை ஒரு மாதம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். தகவல் சொல்லும் கடிதமும் அதே வண்டியில் தபால் பையில் வந்திருந்தது. சின்னக்கருப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சும்மா இருந்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். மெனக்கெட்டு ஓடி, கெஞ்சி, அம்மன் திருவிழாவையே நகர்த்தி, குழிக்குள் கொண்டுபோய் வைத்தது அவர்தான்.

முதல் இரண்டு நாள் ஒருவரும் ஏறவில்லை. இராமலிங்கம் கெட்டவர் இல்லை. தேதியை மாற்றுவது தன் கையில் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். பொன்னுத்தாய் அனுப்பிய சோற்றைச் சாப்பிட்டார், பூண்டு ரசத்தைப் புகழ்ந்தார், தாளில் இரண்டு சுழியம் போட்டார்.

மூன்றாம் நாள் விடியும்போது சின்னக்கருப்பனுக்கு அந்த யோசனை வந்தது. எல்லைக் கல் இருப்பது ஹால்ட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், வளைவு தாண்டி, ஓடைப் பாலத்தருகே. அங்கே ஏற்றம். வண்டி நடை வேகத்தில்தான் போகும். ஹால்ட்டில் டிக்கெட் எடுத்து ஏறு. கல் வருமுன் இறங்கிவிடு. எல்லையும் தாண்டவில்லை, எண்ணிக்கையும் ஆயிற்று. திருமலைச்சாமி கோயிலில் பூப் போட்டுக் கேட்டார். வெள்ளைப் பூ வந்தது. அம்மனே சம்மதித்த பிறகு யார் என்ன சொல்வது? அன்றைக்கே இருபத்தைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். வளைவுக்கு அந்தப்பக்கம் பூண்டு மூட்டை விழுகிற மாதிரி ஒவ்வொருவராக விழுந்து, வயல் வரப்பு வழியே வீடு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தருக்கு முழங்கால் சிராய்ப்பு, ஒருத்திக்குச் சேலை கிழிந்தது. ரெண்டு நாள் இழந்ததை ஈடுகட்ட வேண்டும் என்று அடுத்த நாள் இன்னும் கூடுதலாகப் போனார்கள். இழவு விழுந்த வீட்டுக்கு ஆள் திரட்டுவதுபோல் சின்னக்கருப்பன் வீடு வீடாகப் போய்த் தலையை எண்ணினார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொன்னுத்தாய் என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று பார்க்கவும் நேரமில்லை.

இராமலிங்கம் ஒரு தரம், நேற்றுப் போன அம்மா எப்போது திரும்பினார் என்று கேட்டார். சின்னக்கருப்பன் வாயைத் திறக்குமுன் அவரே கையமர்த்தினார். ஏறுகிறவர்களை எண்ணத்தான் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

ஏழாம் நாள் ஆள் குறைந்தது. ஊருக்கு அலுத்துவிட்டது. சின்னக்கருப்பன் பொன்னுத்தாயையும் ஏறச் சொன்னார். பாலத்தருகே அவள் அண்ணன் கைகொடுத்து இறக்கிவிடுவான் என்றார். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் மஞ்சள்பையை இடுக்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பையைப் பார்த்தாவது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் திருமலைச்சாமி வரப்பில் தனியாக வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"மாப்ளே, தங்கச்சி எறங்கலை. கையைப் பிடிச்சு இழுத்தேன். உதறிட்டுப் போயிருச்சு."

காப்புக் கட்டிய ஊரில் எல்லையைத் தாண்டிய முதல் மனுஷி அவள்தான். மறுநாள் சாயங்காலம் வந்து இறங்கியபோது, எட்டாம் நாள் எண்ணிக்கை முடிந்திருந்தது. அவளைப் பார்த்து ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சின்னக்கருப்பனுக்கும் கோபம்தான். ஹால்ட்டின் பெஞ்சில் வைத்தே ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"மருந்து தீந்து ஒம்பது நாளாச்சுங்க. நீங்க எண்ணிக்கிட்டே இருந்தீங்க. எந்தச் சோலிக்கு இந்த ரயிலுன்னு ஒங்களுக்கே மறந்துபோச்சு."

ஒன்பது நாளாக ஒரே கூரைக்குள் அவருக்கு அந்த இளைப்புச் சத்தம் கேட்டிருக்கும். காது கேட்டிருக்கும், மனசுதான் இருபதிலேயே நின்றிருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தாள்.

அதே வண்டியில் இராமலிங்கம் கிளம்ப வேண்டும். அது கடைசி ஊர் வரை போய் இரவு தங்கி, காலையில் திரும்பும். படியில் கால் வைத்தவர் மறுபடி இறங்கி வந்தார். நூற்று அறுபத்தேழு பேர் ஏறியதாக எழுதியிருப்பதாகவும், சட்டத்துக்கு அது போதும் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டேன், சொல்லாமப் போக மனசு வரலைங்க. ஏறுறவங்களை நான் எண்ணுனேன். மன்னவனூர்லயும் கொடைக்கானல்லயும் எறங்குறவங்களை வேற ஆளுங்க எண்ணுனாங்க."

ஆடியில் முடிவு வந்தது. பூண்டியில் ஏறியவர்கள் நூற்று அறுபத்தேழு. டிக்கெட்டோடு போய் இறங்கியவர் ஒருவர். ஹால்ட் மூடப்படுகிறது, ஏஜெண்டு பொய்க் கணக்குக் காட்டியதால் நீக்கப்படுகிறார். சின்னக்கருப்பன் அதை ஊர்க் கூட்டத்தில் வாசித்தார். காப்புக் காலத்தில் ஒருத்தி எல்லையைத் தாண்டினாள், அம்மன் ரயிலைப் பறித்துக்கொண்டாள் என்று ஊர் பேசியது. அந்த எட்டு நாளில் நிஜமாக ரயிலில் போனவள் அவள் ஒருத்திதான் என்று எடுத்துச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. வீட்டில் அவளிடம் மட்டும் சொன்னார். அந்த ஒருவர் நான்தானா என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஆவணி பிறந்தது. வண்டி வழக்கம்போல் வந்தது, நிற்காமல் போனது. பொன்னுத்தாயின் மருந்து தீர்ந்தது. சின்னக்கருப்பன் பரணிலிருந்து டோலியை இறக்கித் தூசி தட்டினார். நான்கு பேர் வேண்டும். ஊரில் யாரும் தோள் கொடுக்கவில்லை. விடிவதற்குள் திருமலைச்சாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து, டோலியின் பின்பக்கம் குனிந்தார். நான்கு பேர் சுமையை ஐம்பது தாண்டிய இரண்டு பேர் தூக்கினார்கள். தேய்ந்துபோன காய்ப்பின் மேல் மூங்கில் அழுந்தியதும் சின்னக்கருப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்காக மட்டும் இல்லை.

வளைவு தாண்டி, ஓடைப் பாலத்தருகே ஏற்றம் தொடங்கியது. இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. எல்லைக் கல் தெரிந்ததும் பொன்னுத்தாய் கழியைத் தட்டினாள்.

"இங்க எறக்குங்க. அன்னைக்கித்தான் எறங்கலை. இந்த ஏத்தம் மட்டும் நான் நடக்குறேன்."

வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்குமே மூச்சில்லை. இறக்கினார்கள். அவள் எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இருபதடிக்கு ஒருமுறை நின்று நின்று முன்னால் நடந்தாள். காலி டோலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்கள். மேட்டைத் தொடும்போது பின்னாலிருந்து வண்டி வந்தது. மூவரும் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள்.