ஆணி வரைக்கும்

நான் எழுதலாமா என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரைஸ் மில்லில் மூட்டைகளின் மேல் மையால் போடும் அடையாளங்கள்தான். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயமும் பெரிதில்லை. எங்கள் ஊர் டீக்கடைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றியது.

நன்னிலம் போகிற சாலையில் எங்கள் மில்லுக்கு எதிரே அந்தக் கடை. ஒரு அக்கா நடத்துகிறார். பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது அரசியல் பேசி, என்னிடம் கருத்துக் கேட்டுவிடுவார்கள். ஆகவே பால் பாக்கெட் வரும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் உட்காருவேன். பிள்ளைகள் நிற்பதும் அந்த மூலையில்தான்.

அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றைக் கவனித்தேன். அப்பாவோடு வரும்போது பிள்ளை வேறு, தனியாக அனுப்பும்போது வேறு. அப்பா பக்கத்தில் இருந்தால் பன் ஜாடியைக் காட்டி அழும், பெஞ்சில் தலைகீழாகத் தொங்கும், டீக்குள் பிஸ்கட் விழுந்துவிட்டது என்று ஊரைக் கூட்டும். அதே பிள்ளை தூக்குவாளியோடு தனியாக வந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கும்.

"அத்தை, சீக்கிரம் ஊத்துங்க. வயல்ல ஆளுங்க காத்திருக்காங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா. நேத்து சப்புன்னு இருந்துச்சாம்."

"சப்புன்னு இருந்துச்சுன்னு யாருடி சொன்னா?"

"பொதுவா பேசிக்கிறாங்க."

இப்படிச் சொன்னது ஒரு ஏழு வயதுப் பெண். அவளுக்கு மூத்த அக்கா ஒருத்தி, ஆறாம் வகுப்பு. காலாண்டு லீவு விட்டிருந்தது. மெஷின் இறங்க முடியாத சேற்று வயல்களில் கை நடவு நடந்துகொண்டிருந்தது. நடவு ஆட்களுக்குக் காலை டீ இந்தக் கடையிலிருந்துதான் போகும். வாய்க்காலுக்கு அக்கரை வயலுக்கு வாங்கிப் போவது இந்த அக்கா தங்கை இருவரும்தான். அவர்களுடைய அம்மாவும் நடவு ஆள்.

ஒருநாள் மத்தியானம் நடவுக்கு ஆள் சேர்க்கும் வயதான அம்மா ஒருவர், சேற்றுக் காலோடு கடைக்கே வந்துவிட்டார். கையில் காலித் தூக்கு.

"ஏம்மா, தினமும் கடைசி ரெண்டு பேருக்கு டீ இல்ல. அளவா ஊத்துறியா, இல்ல கண்ணால பார்த்து ஊத்துறியா?"

கடைக்கார அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய் வரைக்கும் ஊத்துறேங்க. இதுக்கு மேல ஊத்தணும்னா வாளிக்கு வெளியிலதான் ஊத்தணும்."

"அப்ப டீ ஆவியாப் போவுதா? பஸ் ஸ்டாப் கடைக்காரரு வண்டியில கொண்டாந்து வயல்லயே ஊத்தித் தர்றேங்கிறாரு. நாளைக்கும் குறைஞ்சா அங்கதான் சொல்லப் போறேன்."

அந்த அக்காவுக்கு நடவு சீசன்தான் வியாபாரம். பெஞ்சில் டீ குடிப்பவர்களை நம்பி அடுப்பு எரிவதில்லை. அவர் பொய் சொல்கிறவரும் இல்லை. நான் பார்க்கத்தானே ஊற்றுகிறார், விளிம்பு தெரியாமல் நுரை நிற்கும். வந்த அம்மாவும் ஒரு வாய் டீக்காகப் பொய் சொல்ல நடந்து வரமாட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் மூலையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். அக்காளும் தங்கையும், வேறு வயல்களுக்கு டீ வாங்கிப் போகும் இன்னும் இரண்டு பேரும், அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள், மிட்டாய் ஜாடிகளை அப்படிக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் மிட்டாய் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை டீயைக் குடித்துவிட்டு, மில்லுக்குப் போகாமல் அந்த இரண்டு பேருக்கும் பின்னால் வரப்பில் நடந்தேன். கொஞ்சம் தள்ளித்தான் நடந்தேன்.

வாய்க்கால் வந்தது. குறுக்கே ஒரு தென்னை மரம் கிடக்கும், அதுதான் பாலம். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மூங்கில் கட்டியிருக்கும். இருவரும் இந்தப் பக்கமே உட்கார்ந்தார்கள். பெரியவள் தூக்கின் மூடியைத் திறந்து, அதிலேயே டீயை ஊற்றி ஊதித் தங்கைக்குக் கொடுத்தாள். பிறகு தான் குடித்தாள். தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னும் ஆணி தெரியல" என்று மறுபடி ஊற்றினாள்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள். ஓடுவாள் என்று நினைத்தேன். மூடியை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க மாமா. இன்னும் கொஞ்சந்தான் இறங்கணும்."

வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். வாங்கிக் குடித்துவிட்டேன்.

"எதுக்கும்மா இது?"

அவள் என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "மூடி நசுங்கிக் கிடக்கு, சரியா மூடாது. நிறைய இருந்தா மரத்துல நடக்கறப்ப தளும்பிக் கையில ஊத்திடும். இதோ." மணிக்கட்டில் சிவந்த தழும்பு இருந்தது. "வாளிக்காதோட ஆணி உள்ளாற தெரியுதுல்ல, அது வரைக்கும் குறைச்சுட்டா தளும்பாது. எல்லாரும் அப்படித்தான் செய்வோம்."

"கீழே ஊத்தக் கூடாதா?"

"ஐயே, டீயை யாராவது கீழ ஊத்துவாங்களா?" என்றாள் சின்னவள்.

பிறகு பெரியவள் தூக்கோடு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மரத்தைக் கடந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்கரையில் நின்று திரும்பி, "எங்க அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றாள்.

நான் திரும்பி நடந்தேன். கடை நெருங்க நெருங்க நடை தானாகவே மெதுவானது. சொல்லாவிட்டால் அக்காவின் வியாபாரம் போகும், சொன்னால் பிள்ளைக்கு அடி விழும். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"அக்கா, தூக்கை நிறைக்காதீங்க. வாளிக்காது ஆணி வரைக்கும் ஊத்தினா போதும்" என்றேன்.

பெஞ்சு முழுவதும் சிரித்தது. ஒருவர், "டீ குறையுதுன்னு சண்டை நடக்குது, தம்பி இன்னும் குறைக்கச் சொல்லுது" என்றார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

"மீதியை இன்னொரு தூக்குல ஊத்துங்க. ரெண்டு பிள்ளைங்க வருதுல்ல, ஆளுக்கு ஒண்ணு. அந்தத் தென்னை மரத்துல நிறைஞ்ச வாளியோட நடக்க முடியாதுக்கா. கை வெந்துபோகுது."

அக்கா வடிகட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு என் உதட்டைப் பார்த்தார். டீ ஒட்டியிருந்ததோ என்னவோ, நான் துடைத்துக்கொண்டேன். அக்கா வடிகட்டியைக் கீழே வைத்தார். உள்ளே போய்ப் பரணிலிருந்து இன்னொரு தூக்கை எடுத்து, புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். ஆள் சேர்க்கும் அம்மாவுக்கும் அவரே போன் போட்டு, இன்றைக்கும் குறைந்திருந்தால் நாளை ஒரு நாள் பொறுக்கும்படி சொன்னார்.

மறுநாள் இரண்டு தூக்கிலும் ஆணி வரைக்கும் டீ போனது. வயலில் எல்லோருக்கும் வந்து, ஒரு டம்ளர் மிஞ்சியதாம். மில்லில் நெல் லோடு இறங்கியதால் அன்று நான் டீ குடிக்கப் போகவில்லை.