தகரத்தானின் நடை

சினிமாவைப் பாடமாகப் படிக்கிற பிள்ளைகள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். பழைய விஞ்ஞானப் படங்களைத் திரும்ப எடுக்கலாமா, கூடாதா என்று மைக்கை நீட்டிக் கேட்கிறார்கள். காலமெல்லாம் புரொடக்‌ஷன் மேனேஜராகக் குப்பை கொட்டியவன் ஏதாவது சொல்வான் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. காரணம் சிவராசு. அவனைப் பற்றி எழுதிவைத்துவிட்டால் வருகிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

1. ஆர்.எஸ்.புரத்து வீட்டில்

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் சின்னவர் கூப்பிட்டு அனுப்பினார். சின்னவர் என்றால் மில் முதலாளியின் மகன். அவருடைய அப்பா கறுப்பு வெள்ளைக் காலத்தில் கோயமுத்தூரிலேயே ஒரு படம் எடுத்தார். மில் வேலைக்காக ஒரு விஞ்ஞானி இயந்திர ஆளைச் செய்கிறார். மனிதர்களோடு பழகிப் பழகி அதற்கும் மனசு என்று ஒன்று வந்து, கடைசியில் தொழிலாளிகளைக் காப்பாற்றத் தன்னையே அழித்துக்கொள்ளும். படத்தில் அதற்கு ஏதோ பெரிய பெயர். ஜனங்கள் வைத்த பெயர் தகரத்தான். அதுதான் நிலைத்தது.

"ஏனுங்க மேனேஜரே, டிவில அப்பாவோட படம் போட்டாங்களே, பாத்தீங்களா?" என்றார் சின்னவர்.

"பாத்தேனுங்க."

"எங்கூட்டுக் கொழந்தைக உளுந்து உளுந்து சிரிக்குதுங்க. எங்கப்பாரு படத்தப் பாத்து எங்கூட்டுலயே சிரிக்கறாங்க. சுவத்துல அவரு போட்டோ தொங்குது, அதுக்குக் கீழ உக்காந்து சிரிக்கறாங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கலர்ல எடுத்துப்போடலாமுங்க. ஒருத்தன் சிரிக்கப்படாது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்கன்னு உடுங்க. அந்தக் காலத்துல இருக்கறத வெச்சு எடுத்தாரு. அதையே எதுக்குங்க நோண்டிக்கிட்டு? புதுசா ஒரு கதை எடுங்க, அய்யா பேரைப் போட்டே எடுங்க" என்றேன்.

"உங்குளுக்குப் புரியாதுங்க" என்று எழுந்துவிட்டார். முதலாளி எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மறுநாளே நான் லொகேஷன் பார்க்கக் கிளம்பிவிட்டேன். பிடிக்காத படத்துக்கும் வேலை செய்தால்தான் நம் வீட்டில் அடுப்பு எரியும்.

2. முட்டித் தழும்பு

சென்னையிலிருந்து ஒரு டைரக்டரைப் பிடித்தார்கள். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். பழைய படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தவர். "சார், படத்தோட உயிரே அந்த நடைதான். வலது காலை இழுத்து இழுத்து வருது பாருங்க. அத மட்டும் அப்படியே கொண்டுவந்துட்டா படம் ஹிட்" என்றார். பழைய படத்தில் தகரத்தானாக நடித்த ஆளைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆறுமுகண்ணன் பீளமேட்டுப் பக்கம்தான் இருந்தார். பம்ப்செட் பட்டறையில் தகர வேலை செய்தவர். தகரத்தான் உடுப்பை அடித்தவரே அவர்தான். மெட்ராசிலிருந்து வந்த ஸ்டண்ட் ஆள் பெரிய உடம்புக்காரன், உள்ளே நுழைய முடியவில்லை. அளவு பார்க்க நுழைந்து காட்டிய ஆறுமுகண்ணனையே நடிக்க வைத்துவிட்டார்கள். படம் தொடங்கும்போது ஓடுகிற எழுத்தில் அவர் பெயர் கிடையாது.

டைரக்டர் அவரிடம் நடையின் ரகசியத்தைக் கேட்டார். ஆறுமுகண்ணன் வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கினார். முட்டிக்குக் கீழே சதை கோணலாக ஒட்டியிருந்தது.

"ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்தத் தாவுல தகர வெளிம்பு அறுக்குமுங்க. ரத்தம் ஓடும். வலி பொறுக்காம கால இழுத்தனுங்க. அதே நல்லாருக்குதுன்னு அப்பத்த டைரக்டர் சொல்லிப்போட்டாருங்க. அப்பறம் படம் முடியறவரைக்கும் இழுத்துட்டேதான் நடந்தேன்."

டைரக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். காதில் எது ஏறியதோ தெரியாது. "அத அப்படியே நடந்து காட்டுங்க பெரியவரே" என்றார்.

நடந்து காட்டிய கையோடு மகனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார் ஆறுமுகண்ணன். சிவராசு லேத் பட்டறையில் வேலை செய்தான். மாரியம்மன் நோம்பிக்குக் கோயிலில் போடும் நாடகங்களில் நடிப்பான். ஒல்லியான உடம்பு, ஓயாமல் பேசுகிற வாய்.

"என்ற பையனப் போட்டுக்குங்க. அப்பன் போட்ட உடுப்ப மகன் போடட்டுமுங்க. இந்தவாட்டி பேரு மட்டும் எழுத்துல வரோணுமுங்க" என்றார்.

சின்னவருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பா படத்தை மகன் எடுக்கிறார், அப்பன் வேஷத்தை மகன் போடுகிறான். விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்?

இந்தத் தடவை தகரம் வேண்டாம் என்று முடிவானது. ஃபோமில் உடுப்பு தைத்து மேலே சில்வர் பெயிண்ட் அடித்தார்கள். தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. இனிமேல் யாருக்கும் முட்டி அறுபடாது என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஆறுமுகண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தொறக்கறது எங்கீங்க? எனக்குப் பொறத்தால ரண்டு கொக்கி இருக்குமுங்க. கூட்டாளி ஒருத்தன் பொறத்தாலயே நிப்பான். கைய ஆட்டுனா நீக்கி உட்ருவான்."

"பின்னாடி ஜிப் இருக்கு பெரியவரே. கலர்ல க்ளோஸப் போனா தெரியும், அதனால மேல ஃபோம் பட்டை வெச்சு சொல்யூஷன் போட்டு ஒட்டிடுவோம். சாயங்காலம் பிரிச்சுக்கலாம்" என்றார் டைரக்டர்.

ஆறுமுகண்ணன் சரிங்க என்றார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். அங்கே நின்ற எங்கள் யாருக்கும்கூட அது தப்பாகப் படவில்லை.

3. கன்றுக்குட்டி

அவிநாசி ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு மில்லின் குடோனில் செட் போட்டோம். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் ரிகர்சல். சிவராசுவை உடுப்போடு நடக்கச் சொன்னார்கள்.

அவன் அப்பன் மாதிரி நடக்கவில்லை. இரண்டு காலையும் அகட்டி நின்றான். முட்டி ஆடியது. ஒரு காலைத் தூக்கினான், எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்துக்கொண்டே நின்றான். வைத்தான், சரிந்தான், சமாளித்தான். அப்புறம் தன் காலையே குனிந்து பார்த்தான். அப்போதுதான் ஈன்ற கன்றுக்குட்டி எழுந்து நிற்குமே, அச்சு அசல் அதுதான். லைட் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்த அம்மா, "அய்யோ பாவம், சாமி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டது. உள்ளே இருப்பது சிவராசு என்பது எனக்கே மறந்துபோயிற்று.

டைரக்டர் கையைத் தட்டி நிறுத்தினார். "என்னப்பா இது? அப்பா சொல்லிக்குடுத்தது எங்க?"

தலைக்கூட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிவராசு சொன்னான்: "ஏனுங்க, கதையில இது பொறந்தே ரண்டு நாள்தானுங்களே ஆச்சு. நடக்கத் தெரிஞ்சா இருக்குமுங்க? எங்கப்பாருக்கு முட்டி வலிச்சுது, இழுத்தாருங்க. எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே, நான் எதுக்குங்க இழுக்கோணும்?"

சின்னவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறிவிட்டது. "கண்ணு, அதெல்லாம் வேண்டாம். பழசுல எப்படியோ அப்படியே நட. எங்கப்பாரு படம் இது."

சிவராசு என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன், நீங்க செட் வேலையைப் பாருங்க என்று சின்னவர் அடக்கிவிட்டார். மறுநாளிலிருந்து சிவராசு வலிக்காத காலை இழுத்து இழுத்து நடந்தான். அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தான். எல்லா டேக்கும் ஓகே.

4. பூசணிக்காய்

ஒரு செட்டில் வேலை முடிந்தால் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். காயின் மேல் கற்பூரம் ஏற்றி, கேமராவுக்கு, ஆர்ட்டிஸ்டுகளுக்கு, செட்டுக்கு என்று சுற்றி வாசலில் உடைப்பார்கள். உடைக்காமல் கலைந்தால் அடுத்த செட்டில் ஏதாவது அசம்பாவிதம் வரும் என்று எல்லாருக்கும் பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. எத்தனையோ பூசணிக்காய்களை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

குடோனில் கடைசி நாள். ஸ்டில் போட்டோ எடுக்க வேண்டும் என்பதற்காகத் தகரத்தானின் காலில் உரிந்த இடங்களுக்குப் பெயிண்ட் தொட்டு வைத்திருந்தார்கள். அது இன்னும் காயவில்லை, தின்னர் வாசம் குடோன் பூராவும் அடித்தது. நான் வாசலில் லாரிக்காரனோடு சாமான் ஏற்றுவது பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தகரத்தானுக்கும் ஒரு சுத்துச் சுத்திப்போடுங்க. அவன் மேலதான் ஊரு கண்ணு பூரா" என்று சின்னவர் சொன்னது எனக்குக் கேட்டது. நல்ல மனசோடுதான் சொன்னார். எல்லாரும் சிரித்துக் கைதட்டியதும் கேட்டது. சிவராசு உள்ளிருந்து கும்பிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

மூன்றாவது சுற்றில் கற்பூரம் வழுக்கிக் காலடியில் விழுந்தது.

நான் திரும்பியபோது தீ இடுப்புவரை ஏறிவிட்டது. ஃபோம் எரிகிற வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உருகி உருகிச் சொட்டும், சொட்டுகிற இடமெல்லாம் எரியும். பெரிய கையுறை போட்ட கை, அவனால் எதையும் பிடிக்க முடியவில்லை. முதுகைக் காட்டித் திரும்பினான். திறந்துவிடச் சொல்கிறான். அப்பன் சொன்ன கூட்டாளி அங்கே யாரும் இல்லை. மணல் வாளியை ஒருவர் கொட்டினார், சமுக்காளத்தை ஒருவர் போட்டார். நான் ஓடிப்போய் ஆசாரியின் உளியைப் பிடுங்கி ஒட்டிய பட்டையைக் கிழித்தேன். என் வலது உள்ளங்கை இன்றைக்கும் முழுசாக மடங்காது. ஜிப் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துத்தான் எடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் நினைவோடுதான் இருந்தான். "மேனேஜருங்க, ஷாட் ஓகேதானுங்களே?" என்று கேட்டான். ஓகே கண்ணு, எல்லாம் ஓகே என்றேன். அப்புறம் அவன் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

பூசணிக்காய் உடையவே இல்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று யூனிட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். கன்னத்தில் அறையலாம் போல வந்தது.

5. தியேட்டரில்

போலீஸ் விசாரணை எல்லாம் நடந்தது. சின்னவர் படத்தைக் கைவிட்டார். வேறு ஆளைப் போட்டு முடித்துவிடலாம் என்று டைரக்டர் சொன்னதற்கு, "இனி அந்தப் படத்தப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க" என்று கத்தினாராம். வீட்டுச் சுவரில் இருந்த அப்பா படத்தைக்கூட உள் அறைக்கு மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஆறுமுகண்ணன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். "எடுத்த வரைக்கும் இருக்குமுங்களே. என்ற பையன ஒருவாட்டி பாக்கோணுமுங்க" என்றார்.

சின்னவரிடம் கேட்டு ரஷ் பிரிண்டை வாங்கினேன். தெரிந்த தியேட்டரில் காலை ஆட்டத்துக்கு முன்னால் ஓட்டச் சொன்னேன். அத்தனை பெரிய கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர். சத்தம் சேர்க்காத ரீல். தகரத்தான் வந்தான், போனான், கையைத் தூக்கினான், காலை இழுத்து இழுத்து நடந்தான். ஒரு ஷாட்டில்கூட முகம் கிடையாது.

ஆறுமுகண்ணன் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ரீல் மாறி ரீல் ஓடியது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இது நானுங்களே."

நான் மறுபடி திரையைப் பார்த்தேன்.

"முட்டி வலிக்கற நடை அது. அவனுக்கு முட்டில ஒண்ணுமே இல்லீங்களே. இது பூராவும் நாந்தானுங்க. அவன் எங்கீங்க? என்ற பையனக் காணோமுங்களே!"

ரிகர்சலில் அவன் கன்றுக்குட்டி போல நடந்ததைச் சொன்னேன். டீக்கார அம்மா பாவப்பட்டதைச் சொன்னேன். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"அதப் புடிச்சு வெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்கண்ணா. கேமரா அன்னைக்கு வரவே இல்லீங்க."

"எப்படி நடந்தான்னு நீங்களாவது நடந்து காட்டுங்க."

எழுந்து சீட்டுகளுக்கு நடுவே நின்றேன். காலை அகட்டினேன், ஒரு காலைத் தூக்கினேன். எனக்கு வரவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்தேன், வரவே இல்லை. அவர் அழுதார். நானும் அங்கேயே நின்று அழுதேன்.

ஆகவே பிள்ளைகளே, பழைய படத்தைத் திரும்ப எடுக்கலாமா என்றால், எடுங்கள். ஆனால் உடுப்புக்குள் போகிற ஆள் எப்படி நடப்பான் என்று அவனைக் கேளுங்கள். அவன் நடந்து காட்டுகிற அன்றைக்குக் கேமரா அங்கே இருக்கட்டும். முதுகுப் பக்கத்தை ஒட்டாதீர்கள், திறந்துவிட ஒரு ஆளைப் பின்னாலேயே நிறுத்துங்கள். படம் முடிந்ததும் அவன் பெயரை எழுத்தில் போடுங்கள். அவன் பெயர் சிவராசு. எந்தப் படத்திலும் வரவில்லை, அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.