கத்திரிக்காய் மேல் போட்ட பழி

என் கணவருக்கு முதன்முதலில் உடம்பெல்லாம் தடித்தபோது நான் கத்திரிக்காயைத்தான் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டன் பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். மாலை ஐந்து மணிக்குக் கை, கழுத்து, முதுகெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து, சொறிந்து சொறிந்து ஓய்ந்துபோனார். நாற்பது வருடமாகத் தின்ற கறியை யார் சந்தேகப்படுவார்கள்? அன்றோடு எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க்குத் தடை.

"ரொம்ப வீக்கா கீறீங்க" என்று சொல்லி, மறு வாரம் ஆட்டுக்கால் பாயா வைத்தேன். தேனாம்பேட்டையில் இருக்கும் தன் கடையிலிருந்து மதியம் சாப்பிட வந்தவர் போதும் போதும் என்றார். விடுவேனா? "எனக்காக இன்னும் ஒரு கிண்ணம்" என்று ஊற்றினேன். அதே ஐந்து மணி. உதடு வீங்கியது, பேச்சு குழறியது, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் என் மடியில் சாய்ந்தவரின் கண் செருகியபோது, போய்விட்டார் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, "உண்ணி ஏதாவது கடிச்சுதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. போன பக்ரீதுக்கு வாங்கிய கிடாவை இரண்டு வாரம் மாடிப்படிக்குக் கீழே கட்டியிருந்தோம். அதன் காதிலிருந்து உண்ணிகளை இவர்தான் வெறுங்கையால் பிடுங்குவார். கெண்டைக்காலில் அவை கடித்த இடம் வாரக்கணக்கில் அரித்தது. அந்தக் கடியால்தான் ஆட்டுக்கறி உடம்புக்கு ஆகாமல் போனதாம். தின்ற உடனே தெரியாதாம், நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் காட்டுமாம்.

அவரைச் சாகடிக்கப் பார்த்தது என் கைதான் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதுகூட "எனக்காக" என்ற என் குரல் எனக்கே கேட்கிறது.

இந்தப் பக்ரீதுக்கு உறவுக்காரர்கள் கொடுத்தனுப்பிய கறிப் பங்கை வாசலிலேயே வேறு வீட்டுக்குத் திருப்பிவிட்டேன். புதுச் சட்டி வாங்கி மீன் குழம்பு வைத்தேன்.

"மீனுதாங்க, பயப்படாம சாப்புடுங்க."

"உன் கையால சாப்புட இன்னா பயம்?" என்று சிரித்துக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஐந்து மணிக்கு டீ எடுத்துப் போனேன். ஜன்னலோரம் நின்று, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டையை இறக்கினார்.

"கொசு கடிச்சிச்சு" என்றார்.

அவர் கையில் ஒன்றுமே இல்லை.

"ஆமாங்க, கொசுதான்" என்றேன். டீ ஆறும்வரை இருவரும் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.