தந்தம் இறங்கிய படகு

கிரீன்லாந்தின் கிழக்குக் கரை ஊரான இத்தொக்கொர்தூர்மீத்தில் பனிக்கரடிக்குப் பயப்படுகிறவர்களை யாரும் கேலி செய்வதில்லை. வாசல் வரைக்கும் வருகிற விலங்கு அது. பயப்படாதவனைத்தான் ஊரில் முட்டாள் என்பார்கள். உல்ரிக்காவுக்கோ கரடியைவிட, நீளத் தந்தம் கொண்ட கடல் விலங்கான வால்ரஸ்தான் பயம். தண்ணீரில் நீந்தும் வால்ரஸைக் கண்டால் வேட்டைக்காரர்களும் ஒதுங்கித்தான் போவார்கள். அவளோ மற்றவர்கள் அறுத்துப் போட்ட தலையைக் கண்டாலும் சுற்றிக்கொண்டு போவாள்.

"தண்ணியில பாத்தா எல்லாருக்குந்தான் பயம். செத்துக் கெடக்கறதுக்குப் பயப்படறவ கிரீன்லாந்துலயே நீ ஒருத்திதான்டி," என்பான் அண்ணன் யூலுத். வேட்டைக்காரன், வாய் சும்மா இருக்காது.

அந்தப் பயத்தின் காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அவள் ஒன்பது வயதுப் பிள்ளையாகக் கரையில் நின்றபோது, சித்தப்பா தோல் ஓடத்தில் சீல் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஓடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு முறை புடைத்தது. அடுத்த நொடி ஓடம் கவிழ்ந்து கிடந்தது, துடுப்பு மட்டும் தனியாக மிதந்தது. அடியிலிருந்து வால்ரஸ் முட்டியது என்றார்கள்; சித்தப்பா மேலே வரவேயில்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பதுதான் உல்ரிக்காவின் மனதில் ஆணி அடித்தது மாதிரி நின்றது.

இப்படிப்பட்டவள் சுற்றுலாக் கப்பலில் பயணிகளைக் கரை சேர்க்கும் ரப்பர் படகு ஓட்டப் போனாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ஆனால் படகு ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் குறைவு. சின்ன வயதிலேயே அப்பாவின் படகை எட்டாத கையால் பிடித்து ஓட்டியவள். மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஊசி கோர்ப்பதுபோல் வழி கண்டுபிடிப்பாள். 'தெர்னா' என்ற சின்னக் கப்பல் கோடையில் பனி விலகியதும் வரும். அதன் பயணத் தலைவி போர்கில்ட் நார்வேக்காரி. உள்ளூர் ஆள் வேண்டும் என்று தேடி வந்தபோது, உல்ரிக்காவின் கணவன் எனோக்தான் சொன்னான்: "இவளக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல எங்கள ஓட்டறது போதும், கொஞ்ச நாள் படக ஓட்டட்டும்."

கப்பலில் சட்டதிட்டம் அதிகம். கரையில் இறங்குமுன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏறும்போது மறுபடி கழுவ வேண்டும். வேறு தேசத்து விதை ஒன்றுகூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று பயணிகளின் சட்டைப் பைகளை உதறிப் பார்ப்பார்கள். கரையிலிருந்து ஒரு கூழாங்கல்லையும் எடுக்கக் கூடாது. விலங்குகள் படுத்திருந்தால் தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தாலே நாம் கிட்டே போய்விட்டோம் என்று அர்த்தம். யூலுத்துக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. "நாங்க கிட்டப் போறதுக்குப் படாத பாடு படறோம். நீங்க தள்ளி நிக்கறதுக்கு ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று வயிறு குலுங்கச் சிரிப்பான். தள்ளி நிற்கிற சட்டம் உல்ரிக்காவுக்கு மட்டும் தேனாக இனித்தது.

இரண்டாவது கோடையில் நடந்தது இது.

உள்ளடங்கிய ஒரு விரிகுடா. மத்தியான நேரம், வெயில் பளிச்சென்று அடித்தது. அகலமான பனித்தட்டு ஒன்றில் வால்ரஸ் கூட்டம் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. உல்ரிக்கா சட்டப்படி தூரத்திலேயே இன்ஜினை அணைத்தாள். படகில் பத்துப் பயணிகள். இன்னொரு படகு பெரிய பனிப்பாறைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. எல்லாரும் கேமராவும் கண்ணுமாக இருந்தபோது, விரிகுடாவின் வாயிலிருந்து மூடுபனி உருண்டு வந்தது. முதலில் மலை மறைந்தது, அப்புறம் பனிப்பாறை, அப்புறம் வால்ரஸ் கூட்டமும் மறைந்தது. அவற்றின் மூச்சுச் சத்தம் மட்டும் எந்தத் திசை என்று தெரியாமல் கேட்டது.

"திரும்பிடலாம்," என்றாள் உல்ரிக்கா. தன் குரல் யாருடையதோ போல் இருந்தது அவளுக்கு.

இன்ஜின்மேல் கை வைத்தபோது படகுக்குப் பின்னால் தண்ணீர் புடைத்தது. பழுப்பு நிறத்தில் ஒரு சின்னத் தலை மேலே வந்தது. மீசையெல்லாம் நீர் சொட்ட இன்ஜினை மோந்து பார்த்தது. குட்டி. குட்டி இங்கே என்றால் தாய் எங்கே?

தாய் கீழே இருந்தது. படகு ஒரு பக்கம் எழும்பி அடங்கியது. ஒரு பெண் கிறீச்சிட்டாள். படகின் வலப்பக்கத்துக் காற்றடைத்த ரப்பர் குழாயின்மேல் இரண்டு தந்தங்கள் வந்து படிந்தன, கை வைப்பது மாதிரி அவ்வளவு மெதுவாக. பிறகு பெரிய தலை சாய்ந்தது. உஸ்ஸென்று காற்று போகும் சத்தம் கேட்டது.

தலை தண்ணீருக்குள் போய்விட்டது. குழாயின் ஓர் அறை சுருங்கித் தொங்க, பனித்தண்ணீர் படகுக்குள் ஏறத் தொடங்கியது. மற்ற அறைகளில் காற்று இருந்தது, அதனால் படகு மூழ்கவில்லை. மறுபடி ஒரு தரம் தந்தம் இறங்கினால்?

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. எந்திரிக்காதீங்க. உக்காந்தபடியே நகருங்க," என்றாள்.

டீட்மார் என்ற பயணி அவளுக்கு எதிரே இருந்தார். முகம் வெளுத்துச் சுண்ணாம்பாகியிருந்தது. "இன்ஜின ஸ்டார்ட் பண்ணும்மா! என்ன பாத்துட்டு இருக்க?"

"பின்னால குட்டி இருக்கு. இன்ஜின் விசிறியில சிக்கிடும்."

"குட்டியா இப்ப முக்கியம்? பத்து உசிரு இருக்கு இங்க! ஸ்டார்ட் பண்ணு!"

உல்ரிக்காவின் விரல் பொத்தானின்மேல்தான் இருந்தது. அழுத்தினால் போதும். அவள் கண்முன்னே ஒரு துடுப்பு தனியாக மிதந்துகொண்டிருந்தது. விரல் அசையவில்லை. டீட்மார் பாய்ந்து வந்து தானே அழுத்தப் பார்த்தார். அவர் மனைவி மார்லீஸ் பின்னாலிருந்து லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க! எந்திரிச்சா எல்லாரும் கவுந்துருவோம். அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க."

மார்லீஸின் குரல் கேட்டதும்தான் உல்ரிக்காவின் கைக்கு உயிர் வந்தது. பொத்தானை விட்டாள். இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினாள். அடியில் கிடந்த இரண்டு துடுப்புகளில் ஒன்றை மார்லீஸிடம் நீட்டினாள்.

"சத்தமில்லாம வலிங்க. தண்ணிய அடிக்கக் கூடாது. கிழிக்கற மாதிரி உள்ள விட்டு இழுங்க."

இருவரும் வலித்தார்கள். பாதி சுருங்கிய படகு நொண்டியடித்துக்கொண்டு நகர்ந்தது. குட்டி விடாமல் கூடவே வந்தது, விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ. அதன் பின்னால் தாயின் முதுகு எழுந்தது, அமிழ்ந்தது, மறுபடி எழுந்தது. ஒவ்வொரு முறை அமிழும்போதும் படகில் எல்லாருடைய மூச்சும் நின்றது. முழங்கால் வரை தண்ணீர். யாரோ முணுமுணுவென்று ஜெபம் சொன்னார்கள். டீட்மார் தொப்பியால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார், பல் கிட்டிக்கொள்ள.

தாய் ஒரு முறை தொண்டையைக் கனைப்பதுபோல் கூப்பிட்டது. குட்டி திரும்பியது. அப்புறம் இரண்டையும் காணவில்லை. போய்விட்டன என்று நம்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு, ஊதல் ஊதி, மூடுபனிக்குள்ளிருந்து மற்றப் படகின் மூக்கு தெரிந்த பிறகுதான் உல்ரிக்கா துடுப்பைக் கீழே வைத்தாள். விரல்கள் விரியவில்லை. போர்கில்ட்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

யாருக்கும் பெரிய காயமில்லை. குளிரில் விறைத்தவர்களைப் போர்வைக்குள் சுருட்டிச் சூடு காட்டினார்கள். சாயங்காலம் டீட்மார் புகார் சொன்னார். ஒரு மிருகத்துக்காகப் பத்துப் பேரைப் பணயம் வைத்தாள் என்றார். போர்கில்ட் கேட்டுக்கொண்டாள். "அவ ஸ்டார்ட் பண்ணியிருந்தா அந்தக் குட்டி செதறியிருக்கும். குட்டிய வெட்டுன படகத் தாய் சும்மா விட்டிருக்குமா? இதுல தப்பு என்னோடது. குட்டியோட இருக்கற கூட்டத்துக்கிட்ட உங்கள அனுப்பினதே நான்தான்," என்றாள். அந்தக் கோடை முழுக்க அந்த விரிகுடாப் பக்கம் போவதில்லை என்று முடிவாயிற்று. மற்றக் கப்பல்களுக்கும் சொல்லியனுப்பினாள்.

மற்ற எல்லாரும் உல்ரிக்காவைப் பாராட்டினார்கள். அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. தாய் விடாது என்கிற கணக்கு அந்த நேரத்தில் அவள் தலையில் இல்லவே இல்லை. கப்பல் ஊருக்கு வந்தபோது எனோக்கிடம் மட்டும் சொன்னாள்.

"நான் குட்டியக் காப்பாத்தினேன்னு சொல்றாங்க. வாய்தான் குட்டின்னு சொல்லுச்சு, என் கை மரத்துப் போச்சுப்பா. அவ்ளோதான். சட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

எனோக், அந்தப் பனிநாட்டுக் கஸ்தூரி மாட்டின் கறியை அவள் தட்டில் வைத்தான். "கை மரத்துச்சு சரி. அப்புறம் இன்ஜினத் தூக்கிக் கட்டினது யாரு கை? சாப்புடு."

அண்ணன் வந்து வாசலில் நின்றான். கேலி செய்யப்போகிறான் என்று காத்திருந்தாள். யூலுத் சித்தப்பாவின் பெயரைச் சொல்லாமல், "அடியிலேர்ந்துதான வந்துச்சு?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போனான்.

மிச்சக் கோடையில் அவள் படகைத் தொடவில்லை. கப்பல் ஏணியடியில் உட்கார்ந்து பயணிகளின் பூட்ஸைத் தேய்த்தாள். அடுத்த ஆண்டு போவதில்லை என்றே இருந்தாள். போர்கில்ட் வீடு தேடி வந்து காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"படகு ஓட்டப் புதுசா ரெண்டு பேரு வந்திருக்காங்க. எதுக்கும் பயமில்லையாம். அவங்களப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு. நீ வா."

உல்ரிக்கா போனாள். இன்றைக்கும் ஓட்டுகிறாள். படகை இறக்கும் நாளில் காலையில் அவளுக்குச் சாப்பாடு தங்காது. வாந்தி எடுத்து, முகம் கழுவி, அப்புறம்தான் ஏணி இறங்குவாள். போன கோடையில் ஒரு பனித்தட்டுப் பக்கம் தண்ணீரில் ஏதோ புடைத்த மாதிரி இருந்தது. அலையாகவும் இருக்கலாம். அவள் படகைத் திருப்பிவிட்டாள். வெகுதூரத்திலிருந்து வந்த ஒரு பயணி, "ஒண்ணுமே பாக்கலியே, எதுக்குத் திருப்பறீங்க?" என்று கத்தினார்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் உல்ரிக்கா. கப்பல் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.