தொட்டவற்றை நீக்கும் விதி

உயிர்க் கலங்களுக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணிகள் எப்படி நகர்கின்றன என்று நுணுக்குக்காட்டி வீடியோக்களில் அளப்பதுதான் எங்கள் வேலை. லிங்கநகரில் வாடகைக்கு எடுத்த அறையில், நானும் கிண்ணியாவிலிருந்து வரும் தோழியும் அடுத்தடுத்த கதிரைகளில் இருந்தோம். பேராசிரியர் வாரம் ஒருமுறை கொழும்பிலிருந்து வீடியோ அழைப்பில் வருவார்.

எந்த இழைமணிகளின் பாதைகளை அளவீட்டிலிருந்து நீக்குவது என்ற விதிகளை எழுதியவள் நான். ஒன்று, படத்தின் விளிம்பைத் தாண்டியவை. இரண்டு, மங்கலானவை. மூன்று, கலத்துக்குள் இருக்கும் இன்னொரு சிற்றுறுப்பை, அதாவது புன்னங்கத்தை, தொட்டவை. தொட்டால் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகி மென்பொருள் குழம்பிவிடும். அட்டவணை சுத்தமாக வராது. நீக்கும் வேலையை அவளிடம் கொடுத்தேன்.

இரண்டாம் நாளே அவள் சொன்னாள்: ஓடிவரும் இழைமணி, இலைசோசோம் என்ற புன்னங்கத்தைத் தொட்டதும் நின்றுவிடுகிறது, விட்ட பிறகு சிலவேளை வேறு திசையில் போகிறது, நாங்கள் தேடுவது இதைத்தானே என்று. நான் அவளது திரையைப் பார்க்கவில்லை. விதியைக் காட்டினேன்.

“சந்தியில தெரிஞ்ச ஆக்களைக் கண்டா நீங்கள் நிண்டு கதைக்கிறேல்லையோ?”

“இல்லை.”

“அதுதான் உங்களுக்கு விளங்குதில்லை,” என்று சிரித்துவிட்டு நீக்கத் தொடங்கினாள்.

அடுத்த அழைப்பில் பேராசிரியர் கேட்டார், இதில் ஒன்றுமே எங்கும் நிற்கவில்லையே, தொட்டவற்றை யார் நீக்கியது என்று. கோப்பில் அவளுடைய பெயர்தான் இருந்தது. பார்க்கவேண்டியதையே எறிந்திருக்கிறார், அடுத்த கட்டத்துக்கு அவர் வேண்டாம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கொப்பியில் திகதி எழுதினேன். திகதி ஏற்கெனவே எழுதியிருந்தது. அதன் மேலேயே இன்னொருமுறை எழுதினேன்.

இரண்டு நாள் அவளது கதிரை வெறுமையாகக் கிடந்தது. மூன்றாம் நாள் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு குறிப்புகள். முதல் மூன்றும் மென்பொருளைப் பற்றி. விதி என்னுடையது, அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை என்பது நான்காவது. திருப்பி வாசித்தேன். முதல் மூன்றையும் அழித்துவிட்டு, அவளுக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினேன்.

பேராசிரியர் அவளைத் திரும்பக் கூப்பிட்டார். தொடுகைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பு இனி அவளுடையது; நான் அவள் சொற்படி வேலை செய்யவேண்டும். நியாயம்தான். அவள் வந்து கணினியைத் திறந்ததும், மின்னஞ்சல் கிடைத்ததா என்று கேட்டேன்.

“ஓம், பார்த்தனான்,” என்றாள். “ஆனா அண்டைக்கு நீங்கள் எனக்குப் பக்கத்திலதானே இருந்தனீங்கள்.”

ஓம் என்றேன். கதிரையை அவளது திரைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.